பஸ்ஸுக்கு இல்லை, வெயிலுக்கு

கண்டவர்கள் எல்லாம் “நல்லா இருக்கீங்க” என்று சொன்ன காலத்தில்தான் எனக்குச் சீனி வருத்தம் என்கிற நோய் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். வயிறு முன்னால் வந்திருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் பெனியன் தெரிகிறது என்று அர்த்தம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது ஒரு பட்டம் மாதிரி. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நான் அந்த அர்த்தத்தில் நல்லா இருந்ததே இல்லை. கொழும்பில் ஒரு பேக்கரியில் மா பிசைந்தேன். வவுனியாவில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். கட்டாரில் ஒரு கோடை முழுக்க இரும்புக் கம்பி கட்டினேன். எந்த இடத்திலும் நெடுநாள் தங்கியதில்லை. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வந்ததும் இல்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது இந்த இடம் போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். மனைவி ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் ஒரு நாள் காலையில் அப்படித் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியில் அக்குறணையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் லொறிக்குச் சாரதியானேன். அரிசி, மா, பருப்பு, சீனி. காலையில் ஏற்றிக்கொண்டு கண்டி, பேராதனை, கம்பளை என்று போய், அங்கிருந்து மேலே கடைக்குக் கடை இறக்கி, நுவரெலியாவில் வண்டியைக் காலி செய்து, மரக்கறி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த வேலையில் மட்டும் நிலைத்துவிட்டேன். சம்பளம் பெரிது என்பதால் அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே இடம் மாறிக்கொண்டிருந்தது. பையைத் தூக்காமலே தினமும் புறப்பட முடிந்தது. வேறு எந்த வேலையிலும் எனக்கு இது கிடைக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை யாராவது பிடுங்கினால் என்ன செய்வேன் என்று அப்போது யோசித்ததில்லை.

லொறி என்னை உட்காரவைத்து ஊட்டி வளர்த்தது. மூட்டைகளை இறக்க ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் இறங்கி, கடை முதலாளி நீட்டுகிற தேத்தண்ணியைக் குடிப்பேன். பால் தேத்தண்ணி, அடியில் கரையாமல் சீனி நிற்கும். கூடவே ஒரு பணிஸ் அல்லது வடை. வேண்டாம் என்றால், “ஏன், எங்க கடை தேத்தண்ணி எறங்காதோ?” என்பார்கள். எத்தனை கடையோ அத்தனை தேத்தண்ணி. வருடங்கள் போகப் போக லொறிக்குள் ஏறும்போது தொடை வலித்தது. கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆனது. மூட்டை அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளித்தேன். தோல் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

பிறகு தாகம். பிறகு, வண்டியை ஓரம்கட்டி இறங்க வேண்டிய அவசரம், அதுவும் மணிக்கொருதரம். பிறகு ஒரு நாள் றம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் ரோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகிவிட்டது. எது உண்மையான கோடு என்று தீர்மானிப்பதற்குள் இடப்பக்கக் கண்ணாடி பாறையில் உரசி உடைந்தது. எதிரே வந்த வான் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. நான் சற்று நேரம் நின்று, மூடுபனிதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மீதிச் சாமானை இறக்கப் போனேன். அன்று மூடுபனி இருக்கவில்லை.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டியவர், ஒல்லியானவர், கடைவாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி வருவது போவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். லொறி திரும்பி வந்ததும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“கண்ணாடி எங்க?”

“பாறையில பட்டுருச்சுங்க ஹாஜியார்.”

“பாறை வந்து பட்டுச்சா, நீங்க போய்ப் பட்டீங்களா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “கம்பளைக் கடைக்காரர் சொல்றார், நீங்க எறங்கின ஒடனே கக்கூஸ் எங்கன்னுதான் கேக்கிறீங்களாம். கூடப்பொறந்த எங்க நானாவுக்கும் அப்பிடித்தான் தொடங்கிச்சு. நாளைக்கு லொறி வேணாம், பேராதனைக்குப் போங்க. ரத்தம் குடுங்க.” கதிரையில் திரும்ப உட்கார்ந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். “குளிசை முழுங்குறதுன்னா பரவாயில்ல. ஊசி போடுற நெலமைக்கு வந்துட்டா எனக்கு லொறி தர ஏலா. மலை ரோட்டுல, ஊசி போட்டுட்டு, சாப்பிட மறந்துட்டு, மயங்கி விழுந்தா? ஸ்டோர்ல வேலை தாறேன். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

ஸ்டோர் என்பது கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீளமான அறை. மிளகாய்த் தூளும் சாக்கு நாற்றமும். அங்கே வேலை செய்கிறவர் காலையில் உள்ளே போனால், வெளியே மழையா வெயிலா என்று மற்றவர்களிடம்தான் கேட்பார்.

பேராதனை கிளினிக்கில் நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே “நல்லா” இருந்தார்கள். என்னைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வயது முப்பது இருக்கலாம். என் கண்ணையோ நாக்கையோ பார்க்கவில்லை. எழுந்து வந்து கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“இது எவ்வளவு காலமா இருக்கு ஐயா?”

“மூட்டை அழுக்குங்க டொக்டர். தேச்சாலும் போவ மாட்டேங்குது.”

“தேய்க்காதேங்கோ. அது அழுக்கில்லை. உள்ளுக்க நடக்கிறது வெளியில தெரியுது.” உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். “உங்களுக்கு இன்சுலின் சுரக்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ. அது ஒரு ஹோமோன். உங்கட உடம்பில அது இருக்கு, இன்னும் சொல்லப்போனா கூடுதலாவே இருக்கு. ஆனா உடம்பு அதின்ர சொல்லைக் கேக்குதில்லை. விளங்குதோ?”

“கிளச் பிளேட் தேஞ்ச மாதிரிங்களா?”

“எனக்கு வாகனம் ஓடத் தெரியாது. சொல்லுங்கோ.”

“எஞ்சின் கத்தும். சில்லு சுத்தாது. ஏத்தத்துல வண்டி நிக்கும்.”

“ஓம், அப்பிடித்தான்.”

“அதுக்காக இன்னும் மிதிச்சா எஞ்சினும் போயிரும்.”

“அதுவும் சரிதான்” என்றார். சிரிக்கவில்லை. “மிதிக்கிறதைக் குறைக்கவேணும். உடம்பைக் குறைக்கவேணும். வயித்தில இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டையில்லை ஐயா. அதுவும் ஹோமோன் விடும். இன்சுலின்ர பேச்சைக் கேக்க விடாமப் பண்ணும். வயிறு நிறைஞ்சிட்டுது எண்ட செய்தியும் மூளைக்கு ஒழுங்காப் போய்ச் சேராது.”

நான் எனக்குள் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஏற்றிய மூட்டை சாரதிக்கு உத்தரவு போடுகிறது. வருடக்கணக்காக நான் இதைத்தான் சுமந்துகொண்டு மலையேறியிருக்கிறேன்.

குளிசை தந்தார். தொடை வலிக்கு இன்னொரு ரத்தச் சோதனை எழுதினார். அதன் முடிவோடு அடுத்த முறை போனபோது ஒரு கூத்து நடந்தது. டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு டீ சரியாக் குறைவா இருக்கு” என்றார்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சீனியை நிறுத்தியாயிற்று. பால் தேத்தண்ணியை நிறுத்தியாயிற்று. கடை முதலாளிமாரின் மனதை நோகடித்து, பாலில்லாத வெறும் பிளேன்டி குடித்துக்கொண்டு திரிகிறேன்.

“என்னாங்க டொக்டர் கொறைவு? எறக்குற எடமெல்லாம் டீதானுங்க. இன்னும் குடிக்கணுமா?”

டொக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகுதான் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த நேர்சும் சிரித்தார். “குடிக்கிற டீ இல்லை ஐயா, விற்றமின் டி. ஏ, பி, சி, டி. வெயிலால வாறது.”

“வெயிலா?” நான் சட்டையின் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். சாரதி இருக்கை வலப்பக்கம். வருடக்கணக்காக ஜன்னலோரம் இருந்த அந்தக் கை முழங்கையிலிருந்து கீழே கரி மாதிரி. இடது கை வேறொருவருடையது போல வெளுப்பாக இருக்கும். “கட்டார்ல நின்னவனுங்க நான். இதுல வெயில் பத்தலைன்னு சொல்றீங்களே.”

“அது எப்பவோ. இப்ப என்ன செய்யிறியள்? நுவரெலியாக் குளிருக்கு ஜன்னலை ஏத்திப் போட்டு ஓடுவியள். கண்ணாடிக்குள்ளால சூடு வரும், கை கறுக்கும். தேவையான கதிர் வராது. உள்ள கொஞ்சத்தையும் கொழுப்பு தனக்குள்ள இழுத்து வச்சிருக்கும். ஏழு நாளைக்கு ஒண்டு எண்டு குளிசை தாறன். வெயிலிலயும் நில்லுங்கோ. கையும் காலும் வெளியில தெரியவேணும். ஆனா ஒண்டு சொல்லுறன், இது சீனியைக் குறைக்கும் எண்டு நான் சொல்லேல்லை. குறைக்கும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, அது இன்னும் சரியாத் தெரியாது. இது எலும்புக்கும் தசைக்கும். சீனிக்கு உடம்புதான் குறையவேணும். மூண்டு மாசச் சீனி எண்டு ஒரு சோதனை இருக்கு. அடுத்தமுறை அது இறங்காட்டி ஊசி தொடங்குவம்.”

ஊசி என்றதும் ஸ்டோர் அறையின் மிளகாய்த் தூள் மூக்கில் ஏறியது.

லொறியில் ஏற்றி முடிய எப்படியும் ஒன்பது மணி தாண்டும். அது முடிகிற வரைக்கும் நான் கதிரையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். மறுநாளிலிருந்து கடைக்கு முன்னால், மாத்தளை ரோட்டின் ஓரத்தில், வெயில் விழுகிற இடத்தில் போய் நின்றேன். அரைக்கை சட்டை, முழங்கால் வரை மடித்துக் கட்டிய சாரம். சும்மா நிற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன்.

அக்குறணையில் ரோட்டோரத்தில் ஒருவன் நின்றால் அவன் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறான். அதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியும் என்று எந்தக் கொண்டக்டரும் நம்பத் தயாராக இல்லை. முதல் பஸ் என் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. “மாத்தளை, மாத்தளை, மாத்தளை! ஏறுங்க, ஏறுங்க!” நான் தலையை ஆட்டினேன். அது போனது. எதிர்ப்பக்கம் ஒன்று நின்றது. “கண்டியா அண்ணே? ஓடி வாங்க, சீட் இருக்கு!” கையை அசைத்தேன். அவன் அதைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்திவைத்தான். பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. “ஏறப் போறீங்களா இல்லியா? காலங்காத்தால மனுசன வெறுப்பேத்த நிக்கிறீங்களா?”

சில நாட்களில் எல்லா பஸ்ஸுக்கும் நான் பழகிவிட்டேன். மாத்தளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற தடித்த கொண்டக்டர் ஒருவன் மட்டும் விடவில்லை. என்னைக் கடக்கும்போதெல்லாம் படியில் தட்டி, “வெயில் எறங்கிருச்சு அண்ணே, வீட்டுக்குப் போங்க!” என்று கத்துவான். மழை நாளில், “இன்னைக்கு வெயில் சேர்விஸ் இல்லை!” என்பான். அவனுக்குத் தெரிந்ததிலிருந்து ஊருக்கே தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டு, தன் மனைவிக்கும் இதே டி குறைவாம், மத்தியானத்துக்கு முன்னால் உடுப்புக் காயப்போடுகிற மொட்டைமாடியில் போய்க் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்களாம், அவள் தனியாக இருக்கச் சலித்துத் தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார். “ஒங்களுக்கும் ஆளில்லாமத்தான் பஸ்ஸுக்காரனோட பேசுறீங்க போல” என்றார்.

ரோட்டையும் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் இந்த வழியைத் தேத்தண்ணிக் கடைகளால்தான் ஞாபகம் வைத்திருந்தேன். எந்தக் கடையில் வடை சூடாக இருக்கும், எங்கே பால் கெட்டி என்று. இப்போது வெயிலால் ஞாபகம் வைத்தேன். கம்பளை தாண்டி இந்த வளைவில் பதினொரு மணிக்கு வெயில் விழும், அந்தத் தேவாலயத்துக்கு எதிரே மரம் மறைக்கும், றம்பொடைக்கு மேலே எதையும் நம்ப முடியாது. ஒரு கடையில் பிளேன்டியைச் சீனி இல்லாமல் கேட்டபோது கல்லாவில் இருந்தவர் உள்ளே பார்த்துக் கத்தினார்: “டேய், சீனி லொறிக்காரருக்கு சீனியாம்டா!” கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் குடித்தேன். முதலில் கசந்தது. பிறகு, தோட்டத்தில் பிறந்தும் தேயிலையின் ருசி எனக்கு அதுவரை தெரியாமல் இருந்தது தெரிந்தது. சோற்றைப் பாதியாக்கினேன். இறக்குகிற ஆட்களோடு சேர்ந்து சின்ன மூட்டைகளை நானும் தூக்கினேன். இரண்டு மாதத்தில் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் இன்னொன்று.

புசல்லாவையில் அக்கா இருக்கிறாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். சாமான் இறக்குகிற இடைவெளியில் போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்தவள் “வா” என்றுகூடச் சொல்லவில்லை.

“என்னாடா இப்பிடி எளைச்சிட்ட? அந்தக் கடையில சோறு போடுறாங்களா இல்லியா?”

“நல்லதுக்குத்தான் எளைச்சிருக்கேன் அக்கா. டொக்டர் சொன்னது.”

“எந்த டொக்டர் எளைக்கச் சொல்லுவாரு? எளைச்சவனைத் தேத்தத்தானே டொக்டர்.” தேத்தண்ணி கொண்டுவந்தாள். சீனி வேண்டாம் என்றதும் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. “என் கையால குடுக்குறதும் வேணாமா? மாதா கோயிலுக்கு மெழுகுதிரி வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன், ஒனக்குப் பழையபடி உடம்பு வரட்டும்னு.”

அவளுக்கு முழங்கால் வலி, முதுகு வலி. பேச்சை மாற்ற நினைத்து, நீயும் காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் இரு என்றேன். தலைத்துணி, இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, முழுக்கை சட்டை என்று மூடிக்கொண்டு கொழுந்து பறித்ததால் இவளுக்கும் அந்த டி குறைவாக இருக்கலாம் என்பது என் கணக்கு. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வெயில்ல நிக்கிறதுக்கு சம்பளம் வாங்கினவ நான். இப்ப சும்மா நிக்கச் சொல்றியா?”

வெளியே வரும்போது பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். “பாவம், எப்பிடி இருந்தவரு” என்பது காதில் விழுந்தது. நான் செத்துப்போகவில்லை என்று திரும்பிச் சொல்லத் தோன்றியது. லொறி நின்ற இடத்துக்கு ஏற்றத்தில் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை.

சோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மாலை லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கி, நழுவிய கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெல்ட்டை இறுக்கினேன். அதைத்தான் ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டின் மீதி நுனி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

“சாவியத் தாங்க.”

“எதுக்குங்க ஹாஜியார்?”

“தாங்க.” வாங்கிக் கதிரையின் கைப்பிடியில் வைத்துக்கொண்டார். “எங்க நானா கதவ அடைச்சிட்டு நின்ட உடம்புக்கார மனுசன். சீனி வந்து, பெல்ட்ட இப்பிடித்தான் இறுக்கி இறுக்கிக் கட்டினார். கட்டிக் கட்டியே மவுத்தாப்போனார். எனக்கு வெளங்கும். ஒங்களுக்கு முத்திப்போச்சு. நாளையிலிருந்து ஸ்டோருக்கு வாங்க.”

கோடு இரண்டாகத் தெரிந்த காலத்தில் நான் தடித்திருந்தேன். யாரும் சாவியைக் கேட்கவில்லை. இப்போது கோடு ஒன்றாகத் தெரிந்தது. சாவி அவர் கையில் இருந்தது. இதை விளக்க முயன்றேன். வருத்தத்தால் மெலிவது வேறு, சாப்பாட்டைக் குறைத்து மெலிவது வேறு என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது நானில்லை.

ஸ்டோரில் மூட்டைகளை அடுக்கினேன். அடுக்கியதைத் திரும்ப அடுக்கினேன். கம்பளையிலிருந்து வந்த வேறொரு சாரதி என் லொறியை எடுத்துப் போனான். கியர் மாற்றும் சத்தத்திலேயே அவன் கை சரியில்லை என்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு மட்டும் வெளியே வந்து ரோட்டோரத்தில் நிற்க ஹாஜியார் அனுமதித்திருந்தார். தடித்த கொண்டக்டர், “என்ன அண்ணே, லொறி போயிருச்சு, நீங்க போகலியா?” என்று கேட்டான். அன்றைக்கு அவனிடம் சிரிக்க முடியவில்லை. ஒரு காலை பையை எடுத்து வைத்துப் பார்த்தேன். வேறு ஊர்களில் வேறு லொறிகள் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த முதலாளியும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார், இந்த ஆளுக்கு என்ன வருத்தம் என்றுதான் கேட்பார். பையை ஆணியில் திரும்ப மாட்டினேன்.

சோதனை முடிவை டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். “நல்லா இறங்கியிருக்கு. ஊசி தேவையில்லை. குளிசையை விடாதேங்கோ. டியும் கூடியிருக்கு” என்றார். பிறகு, “குடிக்கிற டீயைக் குறைச்சியளோ?” என்று கேட்டுச் சிரித்தார். லொறியில் ஏறும்போது தொடை வலிக்கிறதா என்றார். லொறியில் ஏறுவதில்லை என்றேன். ஏன் என்றதற்குச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இதுக்கு என்னட்ட குளிசை இல்லை ஐயா” என்றார்.

கடதாசியை ஹாஜியாரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, இலக்கங்களைப் படித்து, நான் விளக்கியதையும் கேட்டார்.

“கடதாசி நல்லந்தான். மொகம் நல்லமில்லியே.”

திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஸ்டோருக்குள் போனேன்.

அடுத்த கிழமை கம்பளைச் சாரதி வரவில்லை. கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லொறி ஏற்றி நின்றது. மேலே கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்துச் சத்தம் போட்டார்கள். ஹாஜியார் வாசலில் மேலும் கீழும் நடந்தார். பிறகு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

“வாங்க. நானும் வாறேன்.”

சாவியைத் தந்துவிட்டு, சுற்றிப்போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். ஓதுகிற தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்டி நகரத்தையும் பேராதனைப் பாலத்தையும் தாண்டினோம். நான் கியர் மாற்றும்போதெல்லாம் என் கையைப் பார்த்தார், வளைவுகளில் என் கண்ணைப் பார்த்தார். மணி உருண்டுகொண்டே இருந்தது. கம்பளையைத் தாண்டி ஒரு வளைவில் பஸ்ஸொன்று ரோட்டின் நடுவால் இறங்கி வந்தது. நான் இடப்பக்கம் மழைநீர்க் கானை ஒட்டிக் கட்டி நிறுத்தி, கையைக் காட்டி அவனை விட்டேன். இடையில் ஒரு கை அளவு இடம் இருந்தது. கண்ணாடி உடையவில்லை. ஹாஜியார் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. வெயில் விழுகிற என்னுடைய வளைவு வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டியை ஓரம்கட்டினேன்.

“என்ன, ஏலாமப் போச்சா?” அவர் குரல் மாறிவிட்டது.

“இல்லிங்க. கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கணும்.”

இறங்கிப்போய் நின்றேன். சற்று நேரம் அவர் உள்ளேயே இருந்தார். லொறிக்குள் சூடு ஏறியிருக்க வேண்டும். அவரும் இறங்கி வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்றார். கீழே தேயிலைக்குள் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. மணி உருளுவது நின்றிருந்தது.

நுவரெலியா பஸ் ஒன்று வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றது. “வாங்க ஹாஜியார், வாங்க! முன் சீட்டு இருக்கு!”

“நாங்க பஸ்ஸுக்கு நிக்கல்ல.”

“பின்ன எதுக்கு?”

ஹாஜியார் என்னை ஒருதரம் பார்த்தார். “வெயிலுக்கு” என்றார்.

கொண்டக்டர் டிரைவரிடம் ஏதோ சொன்னான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை. “இவ்வளவு நாளும் இத எப்பிடித் தாங்கிட்டு நின்டீங்க?” என்று கேட்டார்.

“பழகிருச்சுங்க.”

எல்லாக் கடைகளிலும் இறக்கினோம். றம்பொடைக்கு மேலே நிஜமாகவே மூடுபனி இறங்கியது. விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினேன். கோடு ஒன்றாகத்தான் இருந்தது. திரும்பி அக்குறணைக்கு வந்து வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கதவைத் திறந்து மெதுவாக இறங்கி, சாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

“காலையில மாத்தளை லோட் ஒண்டு இரிக்கிது. வெள்ளன ஏத்துங்க.” இரண்டு அடி போய்த் திரும்பினார். “கொஞ்சம் உடம்பு போடுங்க. பாக்கிறவன் நான் சோறு போடல்லன்னு நெனைப்பான்.”

சரிங்க என்றேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மாத்தளைக்குப் போனேன். வழியில் அந்தத் தடித்த கொண்டக்டரின் பஸ்ஸை ஒரு நீளமான இடத்தில் முந்தினேன். முந்தும்போது ஜன்னல் திறந்துதான் இருந்தது.